அமெரிக்கவியல் சேர்க்கைக் குழுவினருக்கு ஒரு விண்ணப்பதாரர் எழுதுவது

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

உங்கள் முனைவர் பட்டப் படிப்புக்கான எஸ்.ஓ.பி.யை, அதாவது எதற்காகப் படிக்க வருகிறேன் என்று சொல்லும் கட்டுரையை, எழுதி முடித்துவிட்டேன். எதைத் தொட்டால் இடம் கிடைக்கும் என்று விசாரித்ததில் பேரரசு, அடிமை முறை, பூர்வகுடிகளின் நிலம், எல்லை என்றார்கள். நான்கையும் தொட்டிருக்கிறேன். (நம்பித்தான் எழுதியிருக்கிறேன். அதைக் கேட்கும் கட்டம் படிவத்தில் இல்லை.)

சிக்கல் அமெரிக்கத் தூதரகத்தில் இருக்கிறது. 2025 ஜூன் முதல் மாணவர் விசா கேட்பவர்கள் தங்கள் சமூக ஊடகக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்துவைக்க வேண்டும். அமெரிக்க அரசு, பண்பாடு, நிறுவனங்கள், அந்த நாட்டை நிறுவிய கொள்கைகள், இவற்றின் மேல் பகைமை தெரிகிறதா என்று அதிகாரிகள் பார்ப்பார்களாம். பட்டியலைப் படித்ததும் உங்கள் பாடத்திட்டம் யார் மூலமோ கசிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

ஆகவே நான் இரண்டு ஆளாக வேண்டியிருக்கிறது. உங்களிடம் சொல்வது: எல்லை என்பது ஒரு புனைவு. கவுன்டரில் சொல்வது: படிப்பு முடிந்த மறுநாளே அந்தப் புனைவின் இந்தப் பக்கம் வந்துவிடுவேன். 1952ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின் 214(பி) பிரிவு, வருகிறவர் அங்கேயே தங்கிவிடத்தான் வருகிறார் என்று முதலில் வைத்துக்கொள்ளச் சொல்கிறது. இல்லை என்று நிரூபிப்பது என் பொறுப்பு. உங்களுக்கு அனுப்பக் கட்டுக்கட்டாய்ப் பக்கங்கள் இருக்கின்றன. கண்ணாடிக்கு அப்பால் இருப்பவருக்குச் சில நிமிடம்தான். இருவரில் என்னைக் கூர்ந்து படிக்கப்போவது யார் என்ற சந்தேகத்தை இங்கே எழுப்ப மாட்டேன்.

இந்த இரட்டை வேடம் உங்கள் துறைக்குப் புதிதுமல்ல. 1950 வாக்கில் யேல் பல்கலைக்கழகத்தில் இந்தப் படிப்புக்குப் பணம் கொடுத்த வில்லியம் ராபர்ட்சன் கோ, அதைக் கம்யூனிசத்துக்கு முறிமருந்தாகவே பார்த்தார். அவரே இங்கிலாந்தில் பிறந்து, அமெரிக்கா போய்க் காப்பீட்டுத் தொழிலில் செழித்தவர். யேலில் துறையை வளர்த்த பேராசிரியர் நார்மன் ஹோம்ஸ் பியர்சன், இரண்டாம் உலகப் போரின்போது லண்டனில் அமெரிக்க எதிர்உளவுப் பிரிவை நடத்தியவர். நாட்டின் பெருமை பேசப் போட்ட முதலீட்டில் இன்று பேரரசு விமர்சனம் விளைகிறது. கோ பாவம். அவருடைய பழைய எதிர்பார்ப்பை விசா கவுன்டர் ஒன்றுதான் விடாமல் காப்பாற்றிவருகிறது.

விசா வரை போகவே விடாத இடமும் உண்டு. பாஸ்டன் பல்கலைக்கழகம் 2025-26ஆம் கல்வியாண்டுக்கு அமெரிக்கவியல் உட்படப் பன்னிரண்டு துறைகளில் முனைவர் பட்டச் சேர்க்கையையே நிறுத்திவைத்தது. முன்கூட்டியே சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். விண்ணப்பக் கட்டணமாவது மிச்சம்.

கட்டணம் என்றதும் இன்னொன்று. 2004இல் அமெரிக்கவியல் சங்கத்தின் தலைவர் ஷெல்லி ஃபிஷர் ஃபிஷ்கின் தம் தலைமையுரையில், இத்துறை தேச எல்லைக்குள் அடைபடாமல் நாடு கடந்து பார்க்க வேண்டும் என்று வாதிட்டார். அந்த உரையை இன்றுவரை மேற்கோள் காட்டுகிறீர்கள், என் எஸ்.ஓ.பி.யிலும் இரண்டாம் பத்தியிலேயே வருகிறது. உங்கள் விண்ணப்பப் படிவத்தில் கட்டண விலக்கு கேட்கப் போனால், அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் மட்டும் என்று இருக்கிறது. படிவம் தயாரித்தவர் கைக்கு உரை இன்னும் போய்ச் சேரவில்லை போலும். ஒரு பிரதி அனுப்பிவையுங்கள். தபால் செலவு என்னுடையது. அதற்கும் டாலரில்தான் கட்ட வேண்டும் என்றால் மட்டும் முன்னதாகச் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
கட்டணம் செலுத்திய விண்ணப்பதாரர்