ஆலோசகர் சொல்றேன், எழுதிக்கோ கண்ணு

வா கண்ணு, உக்காரு. அந்தச் சேருக்கு ஒரு கால் ஆடும், இப்படிக் கட்டல்ல உக்காரு. சங்கத்துக்குச் செயலாளர் ஆயிட்டியாமா, சந்தோசம். என்னையும் 'கௌரவ ஆலோசகர்'னு நோட்டீசுல போட்டிருக்கீங்கன்னு பேரன் படிச்சுக் காட்டுனான். சம்பளம் கெடையாதுன்னும் சொன்னான். அதுக்கென்ன, யாரும் கேக்காமயே சொல்லிட்டிருந்தவன் நானு. இப்ப நீங்களே கேட்டுப்போட்டீங்க. அனுபவிங்க.

மொதல் தீர்மானமே 'நகருக்குள் அந்நியர் நடமாட்டத்தைத் தடுப்பது'ன்னு போட்டிருக்கு. அப்ப என்னைய எங்க வெப்பீங்க? உங்க கெழக்குத் தெருவுல இருந்து பார்க்கு முடிய எங்கப்பாரு சோளம் வெதச்ச காடு. பரண் மேல படுத்து நான் காவல் காத்த எடம். போன வாரம் உன்ற கேட்டுக்காரப் பையன் என்னைய நிறுத்தி, யாரைப் பாக்கோணும்னு நோட்டை நீட்டுறான். 'என்ற காட்டைப் பாக்கோணும்'னு எழுதி வெச்சேன். பாவம், வடக்க இருந்து வந்த பையன், தமிழ் படிக்கத் தெரியாது. சல்யூட் அடிச்சு உள்ள உட்டுட்டான்.

எழுதறப்ப அந்த நோட்டைச் சித்தெ பொரட்டிப் பாத்தேன். ரவி, ரவி, குமார், மறுக்கா ரவி. பாக்க வந்தது யாரைன்னா 'பிரண்டு'. ஒருத்தன் பேரு எம்.ஜி.ஆர்.னே எழுதியிருக்கான், அவனையும் உட்டிருக்காங்க. வந்த நேரம் போன நேரம்னு ஒழுங்கா இருந்தது ஒரே ஒரு ஆளுக்குத்தான். தலையில கூடையத் தூக்கிட்டு வர்ற கீரைக்காரம்மா. தெனமும் கைநாட்டு வெச்சுப்போட்டுத்தான் உள்ள போகுது. கார்ல வந்த ஒருத்தர் பேரும் அந்த நோட்டுல இல்ல. கார்ல வந்தவன் அந்நியனா இருக்க மாட்டான்னு யாரு உனக்குச் சொன்னது?

கேட்டை ராத்திரி பத்து மணிக்குப் பூட்டறதுன்னு ரெண்டாவது தீர்மானம். கண்ணு, உன்ற பீரோவைத் தொறந்து பத்திரத்தை எடுத்துப் படி. மனை பிரிச்சவன் அனுமதி வாங்கறப்பவே ரோடு பூராத்தையும் உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுத்தாச்சு. பார்க்குக்கு உட்ட எடமும் அப்படித்தான். தானம் கொடுத்த மாட்டுக்கு மூக்கணாங்கயித்தை நீ புடிச்சுட்டு நிக்கற. சரி, பூட்டிப்போட்டீங்கன்னே வெச்சுக்குவோம். நடுராத்திரி 108 வந்து வாசல்ல நின்னா சாவி எங்க இருக்கும்? டீ குடிக்கப் போன ஆளோட சட்டை ஜோப்புல.

கேமராவுக்கு வர்றேன். வேண்டாம்னு சொல்லமாட்டேன். ஏ.கே. விஸ்வநாதன் சென்னையில கமிஷனரா இருந்தப்ப 'மூன்றாவது கண்'ணுன்னு பேரு வெச்சு, அம்பது மீட்டருக்கு ஒண்ணுன்னு ஊர் முச்சூடும் போட வெச்சாரு. அங்க வெவரம் கேட்டுப் பாக்கறதுக்குப் போலீசு இருந்துச்சு. உங்களுது யாரு பாக்கறாங்க? பொட்டி தலைவர் ஊட்டு ஷோகேஸுக்கு அடியில கெடக்குது. அதுல தேதி 2000-ஆம் வருசம் சனவரியிலயே நிக்குது. பாஸ்வேர்டு தெரிஞ்ச பையன் துபாய்க்குப் போயிட்டான். உங்க நகர்ல ஒரு டீச்சரம்மா செயினை எவனோ அறுத்துட்டு ஓடுனது ஒரு திங்கக்கெழம. நீங்க பொட்டியத் தொறக்க ஆளைத் தேடிப் புடிச்சது அடுத்த மாசம். அதுக்குள்ள பழசு அழிஞ்சு புதுசு ஏறிப்போச்சு. உங்களுக்குக் கெடச்சது வேப்பங்கெளை காத்துல ஆடற படம். நல்ல தெளிவான படம்னு தலைவர் எல்லாருக்கும் காட்டுனாரு.

அந்தம்மா செயின் போன எடத்துக்கு நீ பொழுதோட ஒருக்கா நடந்து போயிப் பாரு. கம்பத்துல லைட்டு எரியாம ஆறு மாசம் ஆச்சு. கம்பத்துல நம்பர் எழுதியிருக்கும், அதைச் சொல்லி மாநகராட்சிக்கு ஒரு புகார் கொடுத்தா மாத்திப்போடுவாங்க. அதுக்குத் தீர்மானம் வேண்டாம், கோரம் வேண்டாம், சமோசா வேண்டாம். அதனாலதான் யாரும் பண்ணலியாட்டம் இருக்குது.

மூணாவது, 'வனவிலங்குகள் அத்துமீறி நுழைவது'. இதைப் படிக்கறப்ப எனக்குப் பொறையேறிப் போச்சு. வடவள்ளிக்கு மேக்கால, மலையைப் பாத்த ஊடுன்னு எச்சா ரெண்டு லட்சம் கொடுத்து வாங்குனது யாரு? மலை உன்னையப் பாத்தா மட்டும் அத்துமீறலா? 2022 சனவரியில குனியமுத்தூர்ப் பக்கம் பி.கே. புதூர்ல ஒரு குடோனுக்குள்ள சிறுத்தை பூந்துக்குச்சு. நாலஞ்சு நாள் கழிச்சுத்தான் கூண்டுல ஏறுச்சு. அடுத்த வருசம் பிப்ரவரியில ஒரு மக்னா யானை. தர்மபுரிப் பக்கம் புடிச்சு டாப்சிலிப் காட்டுல கொண்டுபோயி உட்டதை, அது பொள்ளாச்சி, மதுக்கரைன்னு நடந்தே பேரூர் வரைக்கும் வந்துருச்சு. எந்த வாட்ச்மேன் நோட்டுலயும் கையெழுத்துப் போடல. மயக்க ஊசி போட்டுத்தான் மறுக்கா ஏத்திட்டுப் போனாங்க.

யானைக்குப் பலாப்பழ வாசம் போதும், ரேசன் அரிசி வாசம் போதும், செவுத்தைத் தள்ளிப்போட்டு வரும். நீங்க என்ன பண்றீங்க? ஞாயித்துக்கெழம விருந்து முடிஞ்சு மிச்சஞ்சொச்சத்தைப் பிளாஸ்டிக் பையோட கட்டி, நகருக்குப் பின்னால பள்ளத்துல வீசிட்டு வர்றீங்க. பந்தி வெச்சுப்போட்டு விருந்தாளி வரக்கூடாதுங்கறீங்க. 2025 மே மாசம் மருதமலை அடிவாரத்துல ஒரு பெண் யானை செத்துச்சே, அறுத்துப் பாத்தப்ப அது வயித்துல பிளாஸ்டிக்கும் இருந்துச்சு, குட்டியும் இருந்துச்சு. யாரு அத்துமீறுனதுன்னு தீர்மானத்துல எழுதறப்ப ரோசனை பண்ணி எழுது. ராத்திரி அது வந்தா லைட்டைப் போட்டு வெளிய வந்து படம் புடிக்காதீங்க, வனத்துறைக்குப் போனைப் போடுங்க, அவ்வளவுதான்.

நாய்க்குச் சண்டை போடாதீங்க. சோறு வெக்கற கட்சி, வெரட்டற கட்சின்னு ரெண்டாப் பிரிஞ்சு கெடக்கறீங்களாமா. 2023-ல வந்த விதிப்படி கருத்தடை பண்ணி, ஊசி போட்டு, புடிச்ச எடத்துலயே உடோணும். சோறு வெக்கறதுக்குத் தனி எடம் ஒதுக்கற பொறுப்பும் சங்கத்துக்கு உண்டு. கடிச்சா மொளகா அரைச்சுப் பூசாம, சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் ஓடற தண்ணியில கழுவிப்போட்டு ஊசிக்குப் போகோணும். டெங்குக் கொசு பகல்லதான் கடிக்குது, அதுகிட்டயும் அடையாள அட்டை கேக்கச் சொல்லு. உன்ற மாடியில கெடக்கற பழைய டயர்லதான் அது பொறந்து வளந்தது, உள்ளூர் ஆளு.

இப்பச் சொல்லப் போறதுல கிண்டல் இல்ல. உன்ற வாட்ஸ்அப் குழுவுல முந்தாநேத்து ஒரு போட்டோ வந்துச்சாமா. 'இந்தப் பெண் குழந்தை கடத்துபவர், உஷார்'னு. போட்டோவுல இருந்தது போர்வை விக்க வந்த பொம்பள. 2018 மே மாசம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர்ப் பக்கம், குலசாமி கோயிலுக்குப் போன சென்னைக் குடும்பம் ஒண்ணு வழியில நின்னுச்சு. கூட வந்த வயசான அம்மா அங்க இருந்த குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்துச்சு. புள்ள புடிக்கற கூட்டம்னு அந்தம்மாவை அடிச்சே கொன்னுபோட்டாங்க. அடிச்சவங்க யாரும் கெட்டவங்கன்னு பேரு எடுத்தவங்க இல்ல. உஷாரா இருந்தவங்க. உன்ற குழுவுல இருக்கறவங்களாட்டம். அதே வருசம் சூலையில, ஒரு சேதியை ஒரே தடவையில அஞ்சு பேருக்கு மேல அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப்காரனே கையைக் கட்டுனான். அஞ்சு பேரு அஞ்சஞ்சு பேருக்கு அனுப்பறதை யாரு கட்டறது?

ஊர்ல தண்டோரா போட்டதை 2022-ல அரசாங்கம் நிறுத்திருச்சு. நல்ல காரியம், சாதியைச் சொல்லி ஒருத்தரை வீதிவீதியா கத்த வெச்சது போதும். ஆனா ஒண்ணு, தமுக்கு அடிச்சவரை நிறுத்தி யாரு சொன்னதுன்னு கேட்டா, மணியக்காரர்னு பதில் வரும். போயி மணியக்காரரைக் கேக்கலாம். உன்ற குழுவுல கேட்டா, 'எனக்கு வந்துச்சு, நான் அனுப்பினேன்'ங்கறாங்க. செயலாளர் ஆனதுக்கு மொதக் காரியமா அந்தப் போட்டோவை அழி. போட்டவரைக் கூப்புட்டுப் பேசு. அந்தப் பொம்பள மறுக்கா வந்தா ஒரு போர்வை வாங்கு. மார்கழி வருது, எனக்கும் ஒண்ணு.

திருடன் இப்பெல்லாம் கேட்டு வழியா வர்றதில்ல கண்ணு, காது வழியா வர்றான். சி.பி.ஐ.ங்கறான், பார்சல்ல போதை மருந்துங்கறான், வீடியோவுல உக்கார வெச்சு 'டிஜிட்டல் கைது'ங்கறான். போன்ல கைது பண்ற சட்டம் இந்த நாட்டுல கெடையாது. உங்க வாசல்ல 'நாய்கள் ஜாக்கிரதை'ன்னு போர்டு இருக்கற எடத்துல 1930-ன்னு பெருசா எழுதிப் போடு. பணம் போன ஒடனே அந்த நம்பருக்கு அடிச்சா நிறுத்தி வெக்கறதுக்கு வழி இருக்குது. மானம் போயிரும்னு ரெண்டு நாள் மூடி வெச்சுட்டு அடிச்சா, பணமும் போயி மானமும் போயிருக்கும். படிச்சவங்கதான் எச்சா மாட்டறாங்க. என்னையக் கூப்புட்டவன் 'உங்க அக்கவுண்டுல எவ்வளவு இருக்கு'ன்னான், சொன்னேன். அவனே வெச்சுட்டான்.

ஊரைப் பூட்டிட்டுப் போறவங்க, போறதுக்கு முன்னால ஏர்போர்ட்டுல நின்னு படம் போடறாங்க. ஸ்டேசன்ல சொல்லிட்டுப் போனா ரோந்து வர்ற போலீசு ஒரு எட்டுப் பாக்கும், அதுக்கு மட்டும் வெக்கம். வாசல்ல பேப்பரு அஞ்சாறு கெடந்தா, பால் பாக்கெட்டு வெடிச்சுக் கெடந்தா, கோலம் போடாம மண்ணு காஞ்சு கெடந்தா, அதைப் படிக்கறதுக்குத் திருடனுக்குப் பள்ளிக்கூடம் வேண்டியதில்ல. பக்கத்து ஊட்டுல ஒருத்தர் எடுத்துப் போட்டா தீந்துச்சு.

பக்கத்து ஊடுன்னதும் முழிக்கறியே. எதுத்த ஊட்டு அம்மா பேரு என்ன, சொல்லு பாக்கலாம். 'முப்பத்திரண்டாம் நம்பர் ஆன்ட்டி'யா? சரிதான். அந்தம்மாவுக்குச் சக்கரை, பையன் அமெரிக்காவுல, தனியா இருக்குது. ரெண்டு மாசம் முன்னால சக்கரை கொறஞ்சு சமையக்கட்டுல விழுந்து கெடந்துச்சு. கேமரா பாத்துச்சா? வாட்ச்மேன் பாத்தானா? செவ்வாக்கெழமைக்குச் செவ்வாக்கெழம மொருங்கக்கீரை வாங்கற அம்மா கதவைத் தொறக்கலீன்னு தெருவுல நின்னு சத்தம் போட்டது கீரைக்காரம்மா. உன்ற நோட்டுல கைநாட்டு வெச்சுப்போட்டு உள்ள போன அந்நியர். அந்தக் கீரைக்காரம்மாவுக்கு உங்க நகர்ல யாருக்கு என்ன சீக்கு, யாரு ஊட்டுல ஒறம்பரை வந்திருக்கு, யாரு ஊருக்குப் போயிருக்காங்க, அத்தனையும் தெரியும். உங்க சங்கத்துக்கு எந்த ஊட்டுல எத்தனை மாசச் சந்தா பாக்கின்னு மட்டும் தெரியும்.

சந்தாக் கணக்குன்னதும் ஞாபகம் வருது. காஞ்சிபுரத்துக்கு அக்கட்டால உத்திரமேரூர்னு ஒரு ஊரு, பேரன் கூட்டிட்டுப் போயிக் காட்டுனான். பராந்தகச் சோழன் காலத்துல, ஆயிரத்து நூறு வருசத்துக்கு முன்னால, வாரியத்துக்கு ஆளெடுக்கற சட்டத்தைக் கல்லுல வெட்டி வெச்சிருக்காங்க. அது பிராமணர் சபை. நெலம் வேணும், சொந்த மனையில ஊடு வேணும். நம்மளாட்டம் ஆளுக்கு அதுல எடமில்ல. வயசு முப்பத்தஞ்சுக்கு மேல எழுவதுக்குள்ள இருக்கோணும். அதுல உங்க தலைவரும் நானும் ஒண்ணா அவுட்டு. மூணு வருசத்துக்குள்ள ஒருக்கா இருந்தவன் மறுக்கா வரப்படாது. முன்ன பொறுப்புல இருந்து கணக்குக் காட்டாதவன் பேரை ஓலையில எழுதிக் குடத்துல போடப்படாது. அவன் மட்டுமில்ல, அவன்ற சொந்தக்காரங்க பேரையும்தான். போன பொருளாளர் உனக்கு மச்சான் முறைதானே கண்ணு? சும்மா கேட்டேன், நீ மோரைக் குடி.

கல்லுல இருக்கறது பழசுன்னா, 1975-ஆம் வருசத்துச் சங்கப் பதிவுச் சட்டம் புதுசுதான். வருசா வருசம் பொதுக்குழுவைக் கூட்டோணும், கணக்கைப் பதிவாளர் ஆபீசுல கொடுக்கோணும். பொங்கல் விழாவுல இசை நாற்காலிக்கு நடுவுல 'கணக்கு ஏற்கப்பட்டது'ன்னு மைக்குல சொன்னா ஆகாது. மாநகராட்சியிலயும் 2022 நவம்பர் 1-ல இருந்து வார்டுக்கு வார்டு பகுதி சபை வந்தாச்சு. எங்க பக்கம் கூட்டுனப்ப டீயும் வடையும் இருக்கும்னு நான் போனேன். உங்க நகர்ல இருந்து ஒரு ஆளு வரல. போனதுக்குச் சும்மா இருக்கப்படாதேன்னு, பள்ளிக்கூட முக்குல சாக்கடைக்கு மூடியில்லைன்னு எந்திரிச்சுச் சொன்னேன். அடுத்த வாரம் மூடி வந்துருச்சு. உங்க நன்றி அறிவிப்புல அதைத் தலைவரோட இடைவிடாத முயற்சின்னு போட்டிருந்தீங்க. பேரன் படிக்கறப்ப நானும் கை தட்டுனேன்.

என்ன, ரசீதுப் புக்கை எடுக்கற? ஆலோசகருக்கும் சந்தா உண்டா? கொடுக்கறேன் கண்ணு, நான் எங்க ஓடப்போறேன். மூணு வருசக் கணக்கை நோட்டீஸ் போர்டுல ஒட்டிப்போட்டு வா, அன்னைக்கே எண்ணி வெச்சுடறேன். வர்றப்ப உன்ற மச்சானையும் கூட்டிட்டு வா. அந்தப் பொங்கல் பந்தல்காரன் என்ற சித்தப்பன் மகன்தான். அவன் வாங்குனது எவ்வளவுன்னு எங்கிட்டச் சொல்லியிருக்கான்.