காயலா, தூத்துக்குடியா?

கேள்வி: பழைய காயல், தூத்துக்குடி இரண்டில் எது அதிக நாட்டாரைக் கண்ட ஊர்? இந்தப் போட்டியில் எங்கள் ஊருக்கும் இடம் உண்டா?
– வாசகர், வேம்பார்

பதில்: வந்து வியாபாரம் செய்தவர்களை எண்ணினால் காயல், வந்து ஆண்டவர்களை எண்ணினால் தூத்துக்குடி.

தாமிரபரணி முகத்துவாரத்துக் காயலை 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்டார். ஹோர்முஸ், ஏடன் பக்கத்துக் கப்பல்கள் அங்கே குதிரைகளை இறக்கியதை அவர் குறிப்பில் படிக்கலாம். இங்குள்ள வெக்கையும் தீவனமும் அரபுக் குதிரைகளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பாண்டியப் படைக்கு ஆண்டுதோறும் புதிய குதிரைகள் தேவைப்பட்டன. சீனப் பீங்கான் ஓடுகளும் காயல் மண்ணில் கிடைத்துள்ளன. பின்னர் ஆற்று வண்டல் துறையைத் தூர்த்தது. கடல் விலகியது, வணிகமும் விலகியது.

தூத்துக்குடிக்கு 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர், 1658-இல் டச்சுக்காரர், 1825-இல் நிலையாக ஆங்கிலேயர். மூவரையும் இழுத்தவற்றில் முத்துக்குப் பெரும் பங்கு. கொடிகள் மாறினவே தவிர, மூச்சடக்கிச் சிப்பி எடுத்தவர்கள் இந்தக் கரையின் பரதவரும் முஸ்லிம்களும்தான். உலக நகரம் என்ற பெருமையில் முதல் பங்கு அவர்களுக்கே உரியது.

வேம்பாருக்கு இடம் உண்டு. பிரான்சிஸ் சேவியர் 1542-இல் வந்து இறைப்பணி செய்த முத்துக்குளித்துறையின் ஏழு கடற்றுறைகளில் அதுவும் ஒன்று. வடக்கிலிருந்து எண்ணத் தொடங்கினால், முதல் துறையே வேம்பார்தான்.