மாத்திரை மணியக்காரர்

மேல்மலையனூரில் சர்க்கரைக்கும் பிபிக்கும் மாத்திரை சாப்பிடுகிற வயதானவர் ஒருவர் இருக்கிற வீட்டில், மாத்திரை மணியக்காரர் ஒருவரும் இருப்பார். அண்ணன் சென்னைக்கும் தம்பி பெங்களூருக்கும் பிழைக்கப் போன பிறகு, ஊரில் மிச்சமிருக்கிற நடுப்பிள்ளைக்கு இந்தப் பதவி தானாக வந்து சேரும். ஐம்பது சொச்சம் வயது. சட்டைப் பையில் மருந்துச் சீட்டு, மூக்குக்கண்ணாடி, ஒரு பொட்டலம் சர்க்கரை. கல்யாணப் பந்தியில் பாயசம் வருகிற நேரம் பார்த்து எட்டு மணி அலாரம் அடிக்கும். இலையை மூடிவிட்டு எழுந்து போய்விடுவார். ஏதோ கோபம் என்று நினைத்துப் பெண் வீட்டார் பின்னாலேயே ஓடுவார்கள்.

வீட்டில் அவருடைய கச்சேரி பீரோவின் மேல்தட்டு. காலை, மதியம், இரவு என்று எழுதி ஒட்டிய மூன்று டப்பாக்கள். மாத்திரை அட்டையைக் கத்தரிக்கோலால் துண்டு போட யாரையும் விடமாட்டார். துண்டு போட்டால் முதலில் போவது பெயர், அடுத்தது காலாவதித் தேதி. மிஞ்சுவது வெள்ளையாக ஒரு வட்டம். உலகத்து மாத்திரைகளில் முக்கால்வாசி வெள்ளை வட்டம்தான்.

இந்தக் கறாருக்குக் காரணம் உண்டு. அம்மாவுக்குச் செஞ்சியில் ஒரு டாக்டர், முண்டியம்பாக்கத்தில் ஒரு டாக்டர். “அங்க குடுத்தத இங்க காட்னா டாக்டர் கோச்சிக்குவாருடா” என்று அம்மா பழைய சீட்டை முந்தானையில் முடிந்துகொள்வார். போதாததற்கு, 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வாசலுக்கே வந்து மாத்திரை கொடுக்கிறார்கள். ஒருநாள் மணியக்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அட்டைகளின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தார். மூன்று அட்டை, மூன்று பெயர், மூன்று நிறம். உள்ளே இருந்தது ஒரே ஆம்லோடிபின், 5 மில்லிகிராம். அம்மா மூன்றையும் பாரபட்சமில்லாமல் விழுங்கிக்கொண்டிருந்தார். காலையில் எழுந்தால் தலை சுற்றுகிறது என்று அதற்கு மூன்றாவதாக ஒரு டாக்டரைப் பார்க்கப் போவதாகவும் இருந்தார். அன்றுமுதல், வீட்டில் உள்ள மருந்து அத்தனையும் ஒரு மஞ்சள் பைக்குள் போடப்பட்டு, எந்த டாக்டரிடம் போனாலும் மேசையில் கொட்டப்படுகிறது. டாக்டர்கள் இதை ரசிப்பதாகத் தெரியவில்லை. மணியக்காரருக்கு அது பொருட்டில்லை.

திருவள்ளுவர் 950ஆவது குறளில் மருத்துவத்தை நான்கு பங்காக்கி, நோயாளி, வைத்தியர், மருந்து ஆகியவற்றோடு பக்கத்தில் இருந்து பார்ப்பவரையும் சேர்த்துக் கௌரவித்திருக்கிறார். பெங்களூரிலிருந்து போன் போட்டு, “வாட்ஸப்ல ஒண்ணு அனுப்பிருக்கேன், பாத்தியா? மெட்ஃபார்மின நிறுத்திட்டு வெந்தயம் குடு” என்கிற தம்பியை வள்ளுவர் ஏனோ கணக்கில் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரரையும்தான். “எனக்கும் அதே பிபிதாம்பா, ரெண்டு குடு, நாளைக்கித் திருப்பித் தர்றேன்.” காபிப் பொடி மாதிரி கைமாற்று! மணியக்காரர் தரமாட்டார். அதனால் தெருவில் அவருக்குக் கஞ்சன் என்று பெயர்.

அம்மா மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீரும் குடித்து, பிறகு வெற்றிலைப் பெட்டியில் துப்பிவைக்கிற வித்தை தெரிந்தவர். சோற்றில் கலந்து கொடுத்தால் என்ன என்று மணியக்காரருக்குத் தோன்றியது. தந்திரமாக ஊட்டுவதற்கு இந்த ஊரில் முன்னுதாரணம் இருக்கிறது. சிவன் கையில் ஒட்டிக்கொண்டு, போட்ட பிச்சையெல்லாம் தின்ற கபாலத்துக்கு இரண்டு கவளத்தைக் காட்டி, மூன்றாவதைத் தரையில் இறைத்து, அதைக் கீழே இறங்கவைத்தவள் அங்காளம்மன். ஆனால் மெடிக்கல்காரர் தடுத்துவிட்டார். கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும்படி செய்த மாத்திரையை இடித்துப் பொடியாக்கினால், நாள் முழுக்கச் சேரவேண்டியது ஒரே மூச்சில் சேர்ந்துவிடுமாம்.

அம்மா உள்ளே விழுந்துவிட்டால் கதவைத் திறக்கவேண்டுமே என்று குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றினார். அம்மா மூன்று நாள் பேசவில்லை. வழுக்காமல் இருக்க ரப்பர் விரிப்பு வாங்கிப் போட்டார். அது கொல்லையில் எருமைக் கன்றுக்கு அடியில் கிடந்தது.

இதெல்லாம் சில்லறை. அவருக்கு நிஜமான சோதனை அமாவாசை. அன்றைக்கு ஊரில் கால் வைக்க இடமிருக்காது. நள்ளிரவை ஒட்டி அங்காளம்மன் ஊஞ்சலில் ஆட, ஜனம் கற்பூரத்தை ஏந்திக்கொண்டு நிற்கும். அம்மாவுக்கு அன்று விரதம். விரதத்தன்று சர்க்கரை மாத்திரையை என்ன செய்வது என்று மணியக்காரர் டாக்டரிடமே கேட்டுவைத்திருந்தார். “சாப்பிடாமல் அந்தக் கிளிமிபிரைடைப் போடவே கூடாது” என்று உத்தரவு. அம்மா இதற்குத் தாமாக ஒரு சமரசம் கண்டார். ஆத்தாவுக்காகப் பட்டினி, டாக்டருக்காக மாத்திரை. இரண்டு பேர் மனசும் நோகாது. கிளிமிபிரைடோ சோறு வந்ததா வரவில்லையா என்று பார்க்காது. கணையத்தை உசுப்பி இன்சுலினைச் சுரக்கவைத்துவிடும்.

ஊஞ்சல் ஆடத் தொடங்குகிற நேரம். அம்மாவுக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. கை நடுங்கியது. பேச்சு குழறியது. சுற்றி நின்ற பெண்கள் சட்டென்று விலகி இடம் விட்டார்கள். ஒருத்தி வேப்பிலையை நீட்டினாள். இன்னொருத்தி, “வந்துட்டாடி ஆத்தா!” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மேல்மலையனூரில் அமாவாசை ராத்திரி ஒரு கிழவி நடுங்கினால் வேறென்ன நினைப்பார்கள்?

மணியக்காரர் மட்டும் வேறு நினைத்தார். கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய், அருள் வந்த கையைப் பிடித்து, விரலில் ஊசியால் குத்தினார். கூட்டம் மூச்சை அடக்கியது. சர்க்கரை பார்க்கிற மெஷின் 58 என்றது. 70க்குக் கீழே போனாலே ஆபத்து. சுயநினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, புரையேறிவிடும், 108ஐக் கூப்பிடவேண்டும். அம்மாவுக்கு நினைவு இருந்தது. “விட்றா, கையை விட்றா” என்று திட்டும் அளவுக்கு இருந்தது. பொட்டலத்திலிருந்து மூன்று டீஸ்பூன், அதாவது 15 கிராம் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கவைத்துவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். 15 நிமிடம் கழித்துத்தான் மறுபடி குத்திப் பார்க்கவேண்டும். ஊஞ்சலைப் பார்க்க வந்தவர்களில் பத்துப் பதினைந்து பேர் அந்தக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது முறை 104. வேர்வை அடங்கியது. அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்ன ஆயிற்று என்பதுபோலச் சுற்றிலும் பார்த்தார்.

வேப்பிலை வைத்திருந்தவள் குனிந்து பயபக்தியோடு மணியக்காரரைக் கேட்டாள்: “ஏங்க, ஆத்தா என்னா வாக்கு சொன்னா?”

அவர் ஒரு கணம்தான் யோசித்தார். “சாப்ட்டுட்டுத்தான் மாத்திர போடணுமாம்.”

அடுத்த அமாவாசையன்று அந்தத் தெருவில் நான்கு கிழவிகள் காலையிலேயே இட்லி சாப்பிட்டார்கள். அம்மா முதல் ஆள். ரப்பர் விரிப்பு விஷயமாகவும் ஒரு வாக்கு வாங்கிவிட முடியுமா என்று மணியக்காரர் யோசித்துக்கொண்டிருக்கிறார்.