சும்மாதான் போறேன்

பிரான்சின் தென்கோடியில் புரொவான்ஸ் என்று ஒரு வட்டாரம். ஜூன் கடைசியிலிருந்து ஜூலை முடிய அங்கே குன்றுச் சரிவெல்லாம் லாவெண்டர் பூத்து ஊதாவாகக் கிடக்கும். நடுவே ஆளரவமில்லாத ஒரு தார்ச்சாலை. அதில் ஒருவர் சைக்கிளில் போவார். எங்கே போகிறார், எதற்குப் போகிறார், வீட்டில் ஏதும் தகராறா என்று அவரை யாரும் கேட்பதில்லை. படங்களில் பார்த்த வரையில், கேட்பதற்கு அங்கே ஆளே இல்லை.

எனக்கு வாய்த்தது மாரண்டஹள்ளி. சாலையில் குறை சொல்ல முடியாது. கனரக லாரிகளை 844ஆம் எண் நெடுஞ்சாலைக்கு விட்டுவிட்டு ஊர்ச் சாலைகளில் நுழைந்தால் போதும். தருமபுரியிலிருந்து ஓசூர் போகப் போக நிலம் மேலேறிக்கொண்டே போகிறது. நாம் நடுவழியில் இருக்கிறோம். ஆகவே பாலக்கோட்டுப் பக்கம் இறக்கம், ராயக்கோட்டைப் பக்கம் ஏற்றம். ராயக்கோட்டைக் கோட்டையை 1791இல் மேஜர் கௌடி என்பவர் திப்புவின் ஆட்களிடமிருந்து பிடித்தார். அவரிடம் பீரங்கி இருந்தது. என்னிடம் இருப்பது இருபத்தொரு கியர். அதில் பாதி விழாது. எனவே நான் பெரும்பாலும் பஞ்சப்பள்ளிப் பக்கம்தான் போவேன். இரண்டு பக்கமும் கரடு, இடையில் ராகி, தக்காளி, தென்னை, கடைசியில் சின்னாற்று அணை. அந்த அணையின் உயரம் 50 அடி. ஆனால் தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்பதைத்தான் டீக்கடையில் தினமும் பேசுவார்கள்.

லாவெண்டர் இல்லை என்று வருத்தப்பட வேண்டியதில்லை. நம்மில் பலருக்கு அது தரை துடைக்கிற திரவத்தின் வாசனைதான். அசல் செடியைப் பார்க்க வேண்டுமென்றால் ஜம்மு பக்கம் பதர்வாவுக்குப் போக வேண்டும். மக்காச்சோளம் போட்டுக்கொண்டிருந்த மலைக்காட்டுக்காரர்கள் பலர் மத்திய அரசின் நறுமணத் திட்டத்தில் லாவெண்டருக்கு மாறி, 2022இல் அதற்கு விழாவே எடுத்தார்கள். சாமந்தித் தோட்டக்காரர் ஒருவரிடம் இதைச் சொன்னேன்.

“கிலோ என்னா போவுது?”

பூவாக விற்பது குறைவு, காய்ச்சி எண்ணெய் எடுப்பார்கள் என்றேன்.

“அப்ப ஆயுத பூசைக்கு ஆவாது” என்று அந்தச் செடியைத் தள்ளுபடி செய்துவிட்டு மருந்தடிக்கப் போய்விட்டார்.

ஊதா நிறம்தான் வேண்டுமென்றால் நம்மிடமே இருக்கிறது. பனிக்காலத்தில் அவரை பூக்கிற நேரம் வாருங்கள். காலை ஏழு மணிக்கு ஊதாப் பூங்கொத்து பனியில் நனைந்து நிமிர்ந்து நிற்கும். பக்கத்துக் கொல்லையில் கத்தரியும் பூத்திருந்தால் புரொவான்ஸ்காரனே வண்டியை நிறுத்துவான். நிறுத்தலாம், படம் எடுக்கத்தான் கூடாது. அவரைப் பூவைப் படமெடுக்கக் குனிகிறவனுக்கும் அவரைக்காய் பறிக்கக் குனிகிறவனுக்கும் தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பொங்கலுக்கு முந்தைய வாரங்களில், காய் விலை ஏறியிருக்கும்போது, கிட்டத்தில் வந்து பார்த்தாலும் தெரியாது.

தக்காளி வேறு விஷயம். 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது தக்காளித் தோட்டத்தை எட்டிப் பார்த்தவனையெல்லாம் நகைக்கடையில் கைவிட்டவனைப் போலப் பார்த்தார்கள். விலை விழுந்தால் அதே தக்காளி சாலையோரம் கொட்டிக் கிடக்கும். வளைவில் அதன்மேல் டயர் ஏறினால் சைக்கிள் ஒரு பக்கம், நாம் ஒரு பக்கம்.

இதையெல்லாம் சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாதது கேள்வி.

“வண்டி ரிப்பேருங்களா?” இது முதல் மைலில். “பஸ்ஸ உட்டுட்டீங்களா?” இது இரண்டாவது. மூன்றாவது மைலில், களை வெட்டிக்கொண்டிருக்கும் பெண்கள் நிமிர்ந்து, கேள்வியே கேட்காமல் தங்களுக்குள் ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள். அந்தச் சிரிப்பை முதுகில் வாங்கிக்கொண்டு மேட்டை மிதிக்க வேண்டும். ஒரு பெரியவர் மட்டும் டி.வி.எஸ். ஐம்பதைக் கூடவே மெதுவாக ஓட்டிவந்து விசாரித்தார்.

“எங்கப்பா போற?”

“சும்மாதான் போறேன்.”

“சும்மான்னா?”

“போய்ட்டுத் திரும்பி வருவேன்.”

“அங்க யாரு இருக்கா?”

“யாருமில்ல.”

வண்டியை இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுவந்து, குரலைத் தாழ்த்தி, “சக்கரையா?” என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். எனக்குச் சர்க்கரை கிடையாது. ஆனால் அந்த ஒரு வார்த்தையில் அவர் முகத்தில் வந்த நிம்மதியைக் கெடுக்க மனம் வரவில்லை. எனக்கும் அரசியல் சாசனத்தில் ஓர் இடம் கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். லாவெண்டர் சீமையில் மோன் வாந்தூ என்று ஒரு மொட்டை மலை இருக்கிறது, 1,900 மீட்டருக்கு மேல் உயரம். டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் போகிறவர்கள் அதைக் கண்டால் அஞ்சுவார்கள். 1967இல் டாம் சிம்ப்சன் என்ற ஆங்கிலேய வீரர் அதில் ஏறும்போது விழுந்து இறந்தார். அந்த மலையில் 1336இல், உச்சியிலிருந்து பார்க்க வேண்டும் என்ற ஒரே ஆசைக்காக ஏறியதாகக் கவிஞர் பெட்ரார்க் கடிதம் எழுதி வைத்திருக்கிறார். வழியில் ஒரு கிழ மேய்ப்பன் அவரை மறித்தானாம். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் நானும் ஏறினேன், துணி கிழிந்ததும் உடம்பு நொந்ததும்தான் மிச்சம், போகாதே என்றானாம். கவிஞரை உலகம் கொண்டாடுகிறது. எனக்கு அந்த மேய்ப்பனைப் பார்த்தால்தான் சொந்தக்காரர் மாதிரி இருக்கிறது. அவனிடம் டி.வி.எஸ். ஐம்பது இல்லாதது ஒன்றுதான் குறை.

நமக்கும் ஒரு பயன் வாய்க்காதா என்று ஏங்கிக்கொண்டிருந்த காலத்தில் கொள்ளு அறுவடை வந்தது. இந்தப் பக்கம் கொள்ளுச் செடியைப் பிடுங்கிவந்து தார்ச்சாலையில் பரப்பிவிடுவார்கள். போகிற வண்டிகள் ஏறி மிதித்து மணியை உதிர்த்துக் கொடுக்கும். கூலியில்லாத களம். சட்டம் இதற்கு என்ன சொல்லும் என்பது வேறு கதை. நான் அதன்மேல் உற்சாகமாக ஏறிப் போய், திரும்பி, மறுபடியும் ஏறினேன். முறத்தோடு உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து வந்து ஒரு கொடியை எடுத்துப் பார்த்தார். ஒரு காயும் உடையவில்லை.

“உன் வெயிட்டு பத்தாதுப்பா. ஓரமா போ, பஸ்ஸு வரும்.”

ஓரமாகவும் போக முடியவில்லை. கொள்ளுக் கொடி சங்கிலியில் ஏறி, பல்சக்கரத்தைச் சுற்றி, பின்னால் கியர் மாற்றுகிற அந்தச் சின்னக் கையைக் கெட்டியாகப் பின்னிக்கொண்டது. பேனாக்கத்தியால் ஒவ்வொரு நாராக அறுத்துக்கொண்டிருந்தபோது பஸ் வந்தது, மணி உதிர்ந்தது. பின்னாலேயே பள்ளிச் சீருடையில் ஒரு பெண், அரசு கொடுத்த சைக்கிளில், கேரியரில் தங்கையையும் புத்தகப் பையையும் வைத்துக்கொண்டு, நின்று மிதித்து மேடேறிப் போனது. 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கிப் பிறகு எல்லாருக்கும் விரிந்த திட்டத்துச் சைக்கிள் அது. கியர் கிடையாது. பிளஸ் டூ முடிந்ததும் அப்பாவிடம் போய்ப் புல்லுக்கட்டு சுமக்கும். அந்தச் சைக்கிளை யாரும் எங்கே போகிறாய் என்று கேட்டதில்லை.

இருட்டுக்கு முன்னால் திரும்பிவிடு என்று சொல்வதை மட்டும் நான் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. மேற்கே 2014இல் சரணாலயமான காவிரி வடக்குக் காடு. ராகிக் கதிர் முற்றினால் யானை இறங்கும். 2023 மார்ச்சில் மாரண்டஹள்ளிக்குப் பக்கத்திலேயே, திருட்டுத்தனமாகப் போட்ட மின்வேலியில் மூன்று யானைகள் செத்தன. தாயில்லாமல் நின்ற இரண்டு குட்டிகளை இந்த ஊர் மறக்கவில்லை.

நாய்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பால்காரரைத் துரத்தாது, போஸ்ட்மேனைத் துரத்தாது. ஹெல்மெட்டும் அரைக்கால் சட்டையுமாக ஒருவன் வந்தால் சந்துக்கு நாலாக வரும். உற்றுக் கவனித்ததில் எனக்கு ஒன்று பிடிபட்டது: பால்காரர் வண்டியில் ஏதாவது தொங்குகிறது. மறுநாள் ஹேண்டில்பாரில் ஒரு ஜவுளிக்கடை மஞ்சள் பையை மாட்டினேன். உள்ளே பழைய செய்தித்தாள்தான். நாய் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது. டி.வி.எஸ். ஐம்பது பெரியவர் ஒரு கும்பிடோடு தாண்டிப் போனார். அணை வரைக்கும் ஒரு கேள்வி இல்லை. புரொவான்ஸ்தான்.

அது நான்கைந்து நாள் நீடித்தது. பிறகு பையை எல்லாரும் பார்த்துவிட்டார்கள். இப்போது கேள்வி இல்லை, உத்தரவுதான். மாத்திரைச் சீட்டு, ரேஷன் கார்டு ஜெராக்ஸ், ஸ்பீடு குறைந்த மிக்சியின் ஜார், டெய்லரிடம் கொடுக்க வேண்டிய அளவு ரவிக்கை. முன்னாயிருந்தால் மேட்டில் மூச்சு வாங்க நிற்பேன். இப்போது நின்றால் இன்னொரு சாமான் ஏறிவிடும் என்பதால் நிற்பதே இல்லை. கால் நன்றாகத் தேறிவிட்டது.

போன வாரம் பஞ்சப்பள்ளியிலிருந்து திரும்பும்போது ஒரு பாட்டி கையைக் காட்டி நிறுத்தி, மகள் வீட்டுக்கு என்று, காலைக் கட்டிய ஒரு சேவலைப் பைக்குள் தலைமட்டும் வெளியே தெரியும்படி வைத்துவிட்டார்.

“பாத்துப் போ சாமி. எறக்கத்துல ஒண்ணும் பண்ணாது. ஏத்தத்துல நீ மூச்சு வாங்குனா, அதுவும் கத்தும்.”