நானோ யார்?

கேள்வி: 'நானோ எலெக்ட்ரானிக்ஸ்' என்கிறார்களே, யார் அந்த நானோ?

பதில்: கிரேக்கர்! அவர்கள் மொழியில் 'நானோஸ்' என்றால் குள்ளர். 1960-ல் சர்வதேச அளவை முறை அவரை அழைத்து, நூறு கோடியில் ஒரு பங்குக்குப் பெயராக அமர்த்தியது. தலைமுடி ஒன்றின் தடிமனே ஏறக்குறைய 80,000 நானோமீட்டர். 'நானோ டெக்னாலஜி' என்ற சொல்லை 1974-ல் தந்தவர் ஜப்பானியப் பேராசிரியர் நோரியோ தனிகுச்சி. பிறகு, 100 நானோமீட்டருக்குள் அடங்கிய ட்ரான்சிஸ்டர்களுக்கும் அதே குடும்பப் பெயர் வந்தது.

இந்தக் குட்டி உலகில் எலெக்ட்ரான் சுவரேறிக் குதிப்பதில்லை. சில நானோமீட்டர் சுவரென்றால் ஊடுருவியே போய்விடும். அந்தக் கள்ளனைக் கட்டிப்போடும் பொறியாளர்களுக்கு எத்தனை மாலை போட்டாலும் தகும். ஒன்று மட்டும் கவனம்: கடையில் '3 நானோமீட்டர் சிப்' என்றால் அது அளவல்ல, தலைமுறையின் பெயர். அதிலுள்ள ட்ரான்சிஸ்டரின் கேட் நீளம் அதைப்போலப் பல மடங்கு!