டிஸ்ப்ளே வராமை: ஒரு சிற்றாராய்ச்சி

பெட்டி பிரிக்காமல் வாங்கி வந்தால் அது ‘கணினி’. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் நாலு கடை ஏறி இறங்கி, போர்டு ஓரிடம், ரேம் ஓரிடம் எனச் சேர்த்துப் பூட்டினால் அது ‘சிஸ்டம்’. நம் ஆய்வு பின்னதைப் பற்றியது.

ஆய்வுக்குக் கிடைத்த மாதிரி ஒன்றே ஒன்று; என் மேசைக்கடியில் இருக்கிறது. பிராசசர், 2011இல் வெளிவந்த இன்டெல் ஐ5-2400. நான்கு கோர், 3.1 கிகாஹெர்ட்ஸ். விண்டோஸ் 11 பந்தியில் இன்டெல் 8ஆம் தலைமுறைக்கு மூத்தவர்களுக்கு இலை கிடையாது. இதுவோ 2ஆம் தலைமுறை. ஆகவே லினக்ஸ் மின்ட் வீட்டில் கை நனைத்தாயிற்று.

ரேம் டிடிஆர்3. அதற்கு 240 முனை, டிடிஆர்4க்கு 288. நீளம் ஒன்றுதான், நடுவிலுள்ள வெட்டு இடம் மாறியிருப்பதால் ஒன்றின் ஸ்லாட்டில் மற்றொன்று உட்காராது. ‘ஓங்கி அழுத்தினா போயிடும் மாமா’ என்பது மச்சான் கொண்ட பாடம். ஏற்பதற்கில்லை.

இனி நூலின் உயிர்நிலை. பட்டனை அழுத்துகிறோம், ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை. இந்நிலைக்குப் பரிகாரம் சொல்வோர் இரு சாரார்: ஊதுவோர், தேய்ப்போர்.

ஊதுவோர் ரேமைக் கழற்றி, ஸ்லாட்டில் ‘பூ’ என்று ஊதி மாட்டுவர். மூச்சில் ஈரம் உண்டு, தூசி போன இடத்தில் எச்சில் சேரும் என்று தேய்ப்போர் மறுப்பர். இவர்கள் பிள்ளைகளின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து ரப்பரை எடுத்து, ரேமின் பொன்முலாம் பூசிய முனைகளை மெல்லத் தேய்ப்பர். அழுக்குப் படலம் கழன்று காண்டாக்ட் கிடைக்கும்; பத்துக்கு ஏழு தடவை டிஸ்ப்ளே வந்துவிடும் (இது என் மேசைக் கணக்கு; பிறர் மேற்கோள் காட்ட வேண்டாம்). பழைய சாமானில் கட்டிய சிஸ்டத்துக்கு இன்றியமையாத உறுப்பு பிராசசர் அன்று, ரப்பரே என்பது என் துணிபு.

ஆனால் தேய்த்த ரப்பர்த்தூள் ஸ்லாட்டில் விழுந்தால் மறுபடி டிஸ்ப்ளே வராது. அப்போது ஊதத்தான் வேண்டும். தேய்ப்போர் இதைக் கதவைச் சாத்திக்கொண்டு செய்வர்.

ரேம் தேய்த்த ரப்பர் கறுத்துப்போகும். அதைக் கமுக்கமாகப் பாக்ஸில் திருப்பி வைத்ததன் விளைவு, மறுநாள் என் மகளின் கணக்கு நோட்டில் தெரிந்தது. இப்போது அவள் ரப்பரை இரண்டாக வெட்டி, ஒரு பாதியில் பேனாவால் ‘அப்பா’ என்று எழுதி வைத்திருக்கிறாள்.