படலைச் சாத்தத் தெரியுமா, கண்ணு?

ஏங்கண்ணு, காங்கயத்துக்கு அக்கட்டால காடு வாங்கிப் போட்டிருக்கியாமா? நல்லது. மாடும் வாங்கியாச்சு, ஆடும் வாங்கியாச்சு. மாட்டுக் கழுத்துல என்னமோ பட்டையைக் கட்டி, அது எங்க நிக்குதுன்னு பெங்களூர்ல இருந்துக்கிட்டே போன்ல பாக்குறியாமா. மாடு எங்கடா நிக்கும்? புல்லு இருக்கிற பக்கம் நிக்கும். இதைச் சொல்றதுக்கு வானத்துல ஒரு சேட்டிலைட்டு சுத்தோணுமா?

மாட்டைப் பாத்தது போதும் சாமி. புல்லைப் பாத்தியா? "மண்ணு செத்துப்போச்சுங்க தாத்தா, ஒண்ணும் மொளைக்க மாட்டேங்குது, மண் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கேன்"னு மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிறே. மண்ணுக்கு ஒரு கேடும் இல்லை. பன்னெண்டு மாசமும் காட்டு வாசப் படலைத் தெறந்து வெச்சிருக்கிற உன்ற ரோசனைக்குத்தான் பரிசோதனை வேணும்.

நம்மூரு மேய்ச்சல் காட்டை, அந்தக் கொரங்காட்டை, இட்டேரில போறப்பப் பாத்திருப்பே. சுத்தியும் கிளுவை வேலி, உள்ள அங்கொண்ணும் இங்கொண்ணுமா வெள்வேல மரம், கீழ கொழுக்கட்டைப் புல்லு. "எத்தனை எடம் வீணாக் கெடக்குது"ன்னு நெனைச்சிருப்பே. வருசத்துக்கு 600, 700 மில்லிமீட்டர் மழை பேஞ்சாலே பெருசுன்னு இருக்கிற மேட்டாங்காடு கண்ணு இது. இதை வெச்சுத்தான் காங்கயம் மாட்டையும் மேச்சேரி ஆட்டையும் வளத்தாங்க. எப்படி? காட்டைத் துண்டு துண்டாத் தடுத்தாங்க. ஒண்ணுல மேயறப்ப மத்ததுக்குப் படலைச் சாத்துனாங்க. ஐப்பசி மழைக்குப் புல்லு தலையெடுக்கிறப்ப, எந்தப் பண்ணைக்காரன் மாடா இருந்தாலும் கட்டுத்தறியில சோளத்தட்டைக் கடிச்சுக்கிட்டு நிக்க வேண்டியதுதான். இப்ப இதுக்கே 'சுழற்சி மேய்ச்சல் மேலாண்மை'ன்னு பேர் வெச்சு, ஏசி ரூம்புல வகுப்பு எடுத்து, காசு வாங்கிக்கிட்டுச் சான்றிதழ் குடுக்கறாங்களாமா. படலைச் சாத்தறதுக்குச் சான்றிதழ்! சாத்துன படலைத் தெறக்கறதுக்குத் தனியா ஒண்ணு குடுப்பாங்களா?

சரி, ஒரு வேலை சொல்றேன். மம்பட்டியை எடுத்துக்கிட்டு வா. தண்ணித்தொட்டிக்குப் பக்கத்துல மாடு தெனமும் கரும்புற புல்லுக் குத்து ஒண்ணை அடியோட பேத்து எடு. வேலி முள்ளுச் சந்துல, வாய் எட்டாம வளந்த குத்து ஒண்ணையும் எடு. ரெண்டையும் தண்ணில அலசிப் பக்கம் பக்கமா வை. தொட்டிக்கிட்ட இருந்ததுக்கு வேர் நாலு விரக்கடைகூட இருக்காது. வேலியில இருந்தது கொத்துக் கொத்தா எறங்கியிருக்கும், பாதி மண்ணுக்குள்ளயே அறுந்து நின்னுபோயிருக்கும். இப்ப நல்ல குத்தோட அடித்தண்டை நகத்துல கீறிப் பாரு. வெளுப்பா, கொஞ்சம் தடிப்பா இருக்குதா? அதுதான் புல்லோட தவச மொடா. மாடு நுனியைக் கடிச்சுட்டுப் போனதும், மொதல்ல வார்ற இலைக்குச் செலவு அங்க இருந்துதான் போகுது. அந்த இலை விரிஞ்சு, வெயிலைக் குடிச்சு, எடுத்ததைத் திருப்பி ரொப்போணும். ரொப்புறதுக்குள்ள மறுக்காக் கடிச்சா? மறுக்காவும் எடுத்துக் குடுக்கும், பாவம். அதுக்கப்புறமும் கடிச்சா மொடாவைத் தட்டிப் பாக்க வேண்டியதுதான், டொங்குன்னு சத்தம் வரும்.

அமெரிக்காவுல கிரைடர்னு ஒருத்தர் புல்லை வெட்டி வெட்டிப் பாத்து 1955ல எழுதி வெச்சாரு. இலையில பாதிக்கு மேல போச்சுன்னா கீழ வேர் வளர்றதே நின்னு போகுதாமா. எத்தனைக்கெத்தனை ஒட்ட வெட்டறமோ அத்தனைக்கத்தனை நாள் நிக்குதாமா. மேல மேஞ்சது கண்ணுக்குத் தெரியுது, கீழ நின்னது எவன் கண்ணுக்குத் தெரியுது? உன்ற போன்ல தெரியுதா?

அப்புறம் இன்னொரு கூத்து கேளு. உனக்கு மட்டுந்தான் நாக்கு இருக்குதா? மாட்டுக்கு இல்லையா? படல் தெறந்தே கெடந்தா அது கொழுக்கட்டைப் புல்லையும் நரிப்பயத்தையும் செப்பு நெருஞ்சியையுந்தான் தேடிப் போகும். முந்தாநாள் கடிச்ச எடத்துல புதுக் குருத்து எளசா நிக்கும், அங்கயே போயி மறுக்காக் கடிக்கும். எருக்கலையை எது தொடும்? ஆவாரையையும் பார்த்தீனியத்தையும் எது மோந்து பாக்கும்? நல்லதெல்லாம் பூக்கறதுக்கு முன்னால வயித்துக்குள்ள போயிருது. ஆகாததெல்லாம் அலுங்காம நலுங்காம வெதை போடுது. கொஞ்ச வருசம் போனா காடு பச்சையாத்தான் இருக்கும். நீயும் போட்டோ எடுத்து 'என் சொர்க்கம்'னு போடுவே, ஊரே கைதட்டும். மாடு மட்டும் எலும்பு தூக்கி நிக்கும். அதே காட்டை மழைக்காலம் பூரா சாத்தி வெச்சுப் பாரு. புல்லுச் சந்துல நரிப்பயத்தங் கொடி ஓடும், பூக்கும், காய் வெடிச்சு வெதை தெறிக்கும். பயிறு வகைக்கு வேர்ல முடிச்சு இருக்குது, காத்துல இருக்கிற தழைச்சத்தைப் பிடிச்சு மண்ணுக்குக் குடுத்துரும். நீ ஆன்லைன்ல வெதைப் பாக்கெட்டு வாங்குற காசு மிச்சம்.

நீ விவரமானவனாச்சே. "சரிங்க தாத்தா, முப்பது நாளைக்கு ஒருக்கா மாத்திர்றேன்"னு உடனே போன்ல மணி வெப்பே. யார் சொன்ன முப்பது? பிரான்சு தேசத்துல ஆந்த்ரே வாசேன்னு ஒருத்தர், 1957ல புல்லைப் பத்தி மட்டுமே ஒரு புஸ்தகம் போட்ட மனுசன். அவருங்கூட ஒரே கணக்கைச் சொல்லல. அவரு சீமையில புல்லு துள்ளி வளர்ற மே, ஜூன்ல 18 நாள் போதும், ஆகஸ்டு, செப்டம்பர்ல 36 நாள் வேணும்னாரு. மாசாமாசம் தூறல் போடுற ஊருக்கே அந்தக் கணக்கு. இங்க தை போனா வானம் கையை விரிச்சுரும். மாசியில நீ முப்பது நாளென்ன, அறுவது நாள் சாத்துனாலும் ஒரு இணுக்கு வளராது. காஞ்ச காட்டுக்கு எதுக்குக் கண்ணு ஓய்வு? ஈரம் இருக்கிறப்பக் குடுக்கோணும். அப்பத்தான் உனக்குப் பச்சையைப் பாத்ததும் கை பரபரங்குது, ஆட்டை அவுத்து உடறே. ஆடு பல்லால ஒட்டக் கரும்பும், குருத்தையே எடுத்துப்போடும். மாடு நாக்கால வளைச்சு இழுக்கிற சாதி, அதுக்குக் கொஞ்சம் உசரம் வேணும். மொதல்ல மாடு, பொறவு ஆடுன்னு முறை வெச்சது சும்மாவா?

அன்னிக்கு உன்ற கூட ஒரு தாடிக்காரத் தம்பி வந்தானே, "ஆடு மாடே ஆகாது, இயற்கையை இயற்கையா விடோணும்"னு எனக்கே பாடம் எடுத்தானே, அவனுக்கு ஒரு சேதி சொல்லு. ராஜஸ்தானத்துல பரத்பூர் பறவைக் காட்டுல 1982ல இப்படித்தான் எருமை உள்ள வரக்கூடாதுன்னாங்க. சண்டையாகி, துப்பாக்கிச் சூட்டுல ஊர்ச்சனம் செத்துப்போச்சு. சரி, பறவையாச்சும் நல்லா இருந்துச்சா? எருமை மேஞ்சு கட்டுக்குள்ள வெச்சிருந்த தண்ணிப்புல்லு குளத்தையே மூடிருச்சு. நீந்தறதுக்கும் இரை எடுக்கறதுக்கும் எடம் இல்லை. எருமை அங்க வேலை பாத்துக்கிட்டு இருந்துச்சுன்னு, பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்காரங்க ஆராய்ச்சி பண்ணித்தான் கடைசியில சொன்னாங்க. சம்பளம் வாங்காத வேலைக்காரனை யாரு மதிக்கிறா?

கொரங்காட்டையும் வருசக்கணக்காச் சாத்தியே வெச்சா அப்படித்தான். பழைய தாள் மேல மேல சாஞ்சு வெயிலை மறைச்சுரும், குட்டைச் செடியெல்லாம் அடியில வெந்து போகும். மாட்டு வாயும் வேணும், மாட்டுக் குளம்பும் வேணும். உதுந்த வெதையை மண்ணுல அழுத்தறது எது?

எப்பத் தெறக்கறதுன்னு கேக்கறே. கார்த்திகை கடைசியில காட்டுக்குள்ள போ. கொழுக்கட்டைப் புல்லுக் கதிரைக் கீழ பிடிச்சு மேல உருவு. கைக்கு வராம இழுத்துச்சுன்னா படலைச் சாத்திட்டு வந்துரு. மெத்துன்னு பூரா உள்ளங்கையில கழண்டு வந்துச்சுன்னா மாட்டை விடு. போறப்ப அந்தக் கம்பெனிப் பேண்ட்டைப் போட்டுக்கிட்டுப் போகாதே. ஒட்டம்புல்லு முட்டி வரைக்கும் ஏறிரும், அதை உக்காந்து ஒண்ணொண்ணாப் பொறுக்கிறதுக்கு இன்னும் எவனும் ஆப்பு கண்டுபிடிக்கல.